வாசகர் கேள்வி: தாயம் விழாத திமிங்கில வேட்டை

கேள்வி: ஐயா, சென்ற இதழில் நீங்கள் குறிப்பிட்ட நான்டக்கெட் என்ற திமிங்கில வேட்டை வீடியோ கேமை என் தங்கையின் மகன் விளையாடுகிறான். விளையாடியவர்களில் ஒரு சாரார் மாலுமிப் பாட்டுகளுக்காகவே அதை மெச்சுகிறார்களாம். மறுசாரார் எல்லாம் பகடையின் கையில் இருக்கிறது, போகப் போக அலுத்துவிடுகிறது என்கிறார்களாம். எந்தப் பக்கம் நியாயம்? (உப்புவெளி வாசகர்)

பதில்: பாட்டைப் பற்றி எனக்கு வழக்கே இல்லை. நங்கூரம் தூக்கும்போதும் பாய் ஏற்றும்போதும் அத்தனை பேரின் கையும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும் என்பதற்காகப் பாடப்பட்ட பாட்டுகள் அவை. நம் கரைவலைக்காரரின் அம்பாப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, மொழி புரியாவிட்டாலும் அந்த இழுவை புரிந்துவிடும்.

பகடையைப் பற்றிய முறைப்பாட்டை நான் பாதிதான் ஏற்பேன். ஒரு சிறிய இத்தாலியக் குழு உருவாக்கி 2018 ஆம் ஆண்டு வெளிவந்த இந்த விளையாட்டில், வெள்ளைத் திமிங்கிலம் உடைத்த கப்பலிலிருந்து தப்பிய ஒருவனாக நீங்கள் புதிய கப்பலும் ஆட்களும் சேர்த்துக்கொண்டு கடலோடுகிறீர்கள். வேட்டைக்காரன், மாலுமி, கைவினைஞன், அறிவியலாளன் என்று ஆட்கள் பலவகை. யாரைப் படகில் ஏற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே பகடையில் என்ன விழக்கூடும் என்பது அமைகிறது. ஆகவே பகடை உருளுவதற்கு முன்பே, துறைமுகத்தில் ஆள் பிடிக்கும்போதே பாதி வேட்டை தீர்ந்துவிடுகிறது. அங்கே கோட்டை விட்டுவிட்டுத் தாயம் விழவில்லை என்று குறைப்படுவது, ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்ற கதைதான். தவிரவும், அந்தத் தொழிலில் அதிர்ஷ்டத்துக்குப் பெரிய பங்கு இருந்தது. 1820 நவம்பரில் பசிபிக் கடலில் அமெரிக்காவின் நான்டக்கெட் தீவைச் சேர்ந்த எஸ்செக்ஸ் என்ற வேட்டைக் கப்பலை ஒரு எண்ணெய்த் திமிங்கிலம் முட்டி மூழ்கடித்தபோது அதிலிருந்த 20 பேரில் உயிரோடு கரை கண்டவர்கள் 8 பேர்தான்.

அலுப்பைப் பற்றிய முறைப்பாடு வேறு. அதில் உண்மை இருக்கிறது, நானும் பதினோராம் இரவில் கொட்டாவி விட்டேன். ஆனால் என் குறை, அலுப்பு தவறான இடத்தில் இருக்கிறது என்பதே. உண்மையான பயணம் மூன்று நான்கு ஆண்டுகள் நீளும். வாரக்கணக்கில் திமிங்கிலம் மூச்சு விடும் ஒரு நீர்ப்பீச்சலும் தென்படாது. தென்பட்ட நாளில் ஆறு பேர் ஏறிய சிறு படகு இறங்கும். ஈட்டி தைத்ததும் திமிங்கிலம் ஓடும் வேகத்தில் படகிலிருந்த கட்டையைச் சுற்றிப் பாயும் கயிறு உரசலில் புகைந்துவிடாதபடி ஒருவர் அதன்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். அதைக் கொன்ற பின்புதான் மெய்யான வேலை ஆரம்பம். தளத்தின் மேலே செங்கல் அடுப்புக் கட்டி, பெரிய இரும்புக் கொப்பரைகளில் கொழுப்பை இரவு பகலாக உருக்குவார்கள். உருகி முடிந்த சக்கையையே எடுத்து அதே அடுப்புக்கு விறகாகப் போடுவார்கள். அந்தப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் விளையாட்டில் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் ஒன்றுபோல் இன்னொரு சண்டை.

கேள்வி: அந்த மாலுமிகளுக்கு மாதச் சம்பளமா, நாட்கூலியா? (மூதூர் வாசகர்)

பதில்: இரண்டும் இல்லை, பங்கு. கரைவலைச் சம்மாட்டியிடம் பங்குக்கு வலை இழுத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கப்பல் கொண்டுவந்த எண்ணெயும் திமிங்கில வாய்த்தகடுகளும் விற்ற பணத்தில் முதலாளிகள் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வார்கள். தலைவனுக்கு ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்கு கிடைத்தால், முதன்முதலாகக் கடலுக்கு வந்த பையனுக்கு இருநூறில் ஒரு பங்குதான் கிடைக்கும். பயணத்தின்போது கப்பல் கடையிலிருந்து கடனாக வாங்கிய சட்டையும் புகையிலையும் அதிலிருந்தும் கழிக்கப்படும் என்பதால், ஆண்டுக்கணக்காக உழைத்தும் கடன்காரனாகவே கரையேறியவர்கள் உண்டு. விளையாட்டில் நாம் எப்போதும் தலைவனாகவே இருப்பதால் இந்தக் கணக்கின் அடியில் கிடப்பவனின் வயிற்றெரிச்சல் நமக்குத் தெரியாமல் போகிறது. இந்த விளையாட்டைப் பற்றி யாரும் பெரிதாகச் சொல்லாத குறை இது என்பது என் எண்ணம்.

கேள்வி: என் மகனுக்குப் பதினான்கு வயது. உயிரைக் கொல்வதையே பொழுதுபோக்காக்கும் விளையாட்டை அனுமதிக்கலாமா? (திருகோணமலை நகரிலிருந்து ஒரு தாய்)

பதில்: அனுமதிக்கலாம் அம்மா, ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். சண்டை பெரும்பாலும் சீட்டும் பகடையுமாகவே நடக்கிறது. இரவில் எத்தனை மணிவரை விளையாடுகிறான் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

கேள்வி: நிலாவெளியில் திமிங்கிலம் பார்க்க வருபவர்களுக்குப் படகு ஓட்டுகிறேன். பாய்க்கப்பல் வேட்டைக்காரர் இந்தியப் பெருங்கடலுக்கும் வந்தார்கள் என்றால் நம் நீலத் திமிங்கிலங்கள் எப்படித் தப்பின? (நிலாவெளி வாசகர்)

பதில்: வேகத்தாலும் கனத்தாலும் தப்பின, தம்பி. பாய்க்கப்பல் காலத்து வேட்டைக்காரர் இங்கே முக்கியமாகத் தேடியது எண்ணெய்த் திமிங்கிலத்தை. அதன் தலையிலிருந்து கிடைத்த மெழுகு நல்ல மெழுகுவர்த்தியானது, செத்தால் அது மிதக்கவும் செய்யும். நீலத் திமிங்கிலத்தைத் துடுப்புப் படகால் துரத்திப் பிடிக்க முடியாது; கொன்றாலும் அது மூழ்கிவிடும். 1870 ஆம் ஆண்டு நோர்வேக்காரரான ஸ்வென் ஃபொய்ன் வெடிக்கும் ஈட்டிப் பீரங்கிக்குக் காப்புரிமை பெற்று, நீராவிப் படகும் சேர்ந்துகொண்ட பிறகே அதற்குக் கேடுகாலம் பிறந்தது. முழுவதும் தப்பின என்றும் சொல்லிவிட முடியாது: 1960களில் சோவியத் கப்பல்கள் சட்டத்துக்குப் புறம்பாக அரபிக்கடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் கொன்றன.

1979 ஆம் ஆண்டு சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு இந்தியப் பெருங்கடலைச் சரணாலயமாக அறிவித்தது. அதையடுத்து 1980களின் தொடக்கத்தில் டியூலிப் என்ற ஆய்வுப் படகு நம் கரையோரத்துக்கு வந்து இவற்றை ஆராய்ந்தது. திருகோணமலைத் துறைமுக வாயிலிலேயே ஆழமான கடற்பள்ளத்தாக்கு இருப்பதால்தான் அவை இவ்வளவு கிட்ட வருகின்றன. ஒரு பங்குனிக் காலையில் கோணேசர் கோயிலுக்குப் போனவன், இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில் அர்ச்சனைத் தட்டோடு நின்றபடியே ஒரு நீர்ப்பீச்சலைக் கண்டேன். அடுத்ததற்காகக் காத்திருந்ததில் தட்டிலிருந்த கற்பூரம் காற்றோடு போய்விட்டது. உங்கள் பயணிகளுக்கு இந்தக் கதையைச் சொல்வதாக இருந்தால், தூரத்திலேயே இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். அது மூச்சு விடும் ஓசை அவர்களுக்கும் கேட்கட்டும்.