மாதம் பதினையாயிரம்தானே? புதுக் காருக்கு ஸ்போர்ட்ஸ் பேக்கேஜ் போடுவது பற்றி

கேள்வி: ஐயா, எனக்கு 38 வயது, ஊர் களுவாஞ்சிகுடி. கட்டாரில் வேலை செய்துவிட்டு வந்து இப்போது ஹார்ட்வெயார் கடை நடத்துகிறேன். செலவு போக மாதம் இரண்டரை இலட்சம் மட்டில் நிற்கும். மனைவி ஆசிரியை, கைக்கு அறுபதாயிரம் வரும். இரண்டு பிள்ளைகள், அம்மாவும் எங்களோடுதான். புது ஹைபிரிட் எஸ்யூவி ஒன்றுக்கு ஓடர் கொடுக்கப் போகிறோம். விலை 120 இலட்சம். 70 இலட்சம் கையில் இருக்கிறது, மிச்சம் லீசிங். இன்னும் ஆறரை இலட்சம் போட்டால் ஸ்போர்ட்ஸ் ஹான்ட்லிங் பேக்கேஜோடு எடுக்கலாம், லீசிங்கில் சேர்த்தால் மாதம் பதினையாயிரம்தான் கூடும் என்கிறார்கள் ஷோரூமில். மாதம் ஒரு தரம் கொழும்புக்குச் சரக்கு பார்க்கப் போவேன். வயல் வெல்லாவெளிப் பக்கம். விற்கும்போது போட்ட காசு திரும்பி வரும், யோசிக்காமல் போடு என்கிறார் மச்சான். மனைவி வேண்டாம் என்கிறார். வீடு திருத்த வைத்த நகை நாலு இலட்சத்துக்கு இன்னும் வங்கியில் அடகில் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: போட வேண்டாம் தம்பி. மனைவி சொல்வதுதான் சரி. ஆனால் மச்சான் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆறரை இலட்சத்துக்கு என்ன வருகிறது என்று முதலில் பார்ப்போம். இப்படியான பேக்கேஜில் எஞ்சினுக்கு ஒன்றும் செய்ய மாட்டார்கள். ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் இறுக்கமாக வரும். வளைவில் பொடி ஒரு பக்கம் சரியாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பார் தடிப்பாக இருக்கும். கார் கொஞ்சம் தாழ்ந்து நிற்கும். 16 அங்குல ரிம் போய் 18 அங்குலம் வரும், அதற்கு மெல்லிய டயர். சில கம்பனிகள் பிரேக்கையும் பெரிதாக்கும். எல்லாம் சேர்ந்து, வேகமாக ஒரு வளைவில் திரும்பும்போது கார் சாயாமல் ஸ்டியரிங் சொன்ன பக்கம் சட்டென்று போகும். அது உண்மையான வித்தியாசம். ஓட்டிப் பார்த்தவர்களுக்கு ஆசை பிடிப்பதில் ஆச்சரியமில்லை.

கேள்வி, அந்த வளைவு உங்களுக்கு எங்கே இருக்கிறது என்பதுதான். களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்பு வரை கடலும் வாவியும் இரண்டு பக்கமும் வர, ரோட்டு நேராகப் போகிறது. வாழைச்சேனை தாண்டி வெலிக்கந்தை, பொலன்னறுவை, ஹபரணை என்று போனாலும் பெரும்பகுதி நேர் ரோட்டுத்தான். ஊருக்கு வெளியே காருக்குச் சட்டப்படி மணிக்கு 70 கிலோமீற்றர், ஊருக்குள் 50. அந்த வேகத்தில் சாதாரணக் காரும் பேக்கேஜ் போட்ட காரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் நடந்துகொள்ளும். கண்டிக்குப் போகும்போது மகியங்கனைப் பதினெட்டு வளைவில் வேண்டுமானால் கொஞ்சம் தெரியலாம். அங்கேயும் முன்னால் ஒரு லொறி போனால் அதன் பின்னால்தானே ஏறப்போகிறீர்கள்.

இரவில் நம் பக்கத்து ரோட்டில் உள்ள ஆபத்து வேறு. தார் ரோட்டின் சூட்டுக்கு மாடுகள் வந்து படுத்திருக்கும், கறுப்பு மாடு என்றால் லைற் வெளிச்சத்தில் கடைசி நிமிடத்தில்தான் தெரியும். வெலிக்கந்தைக்கு அப்பால் யானை. அறுவடைக் காலத்தில் பின்லைற் இல்லாத உழவு இயந்திரம். இதற்கெல்லாம் உதவுவது நல்ல ஹெட்லைற், நல்ல பிரேக், சட்டென்று பிரேக் அடித்தாலும் சில்லு இறுகி நிற்காமல் பார்க்கும் ஏபிஎஸ், கார் வழுக்காமல் பிடிக்கும் இலத்திரனியல் கட்டுப்பாடு, எல்லாவற்றுக்கும் மேலாகக் குறைந்த வேகம். நீங்கள் எடுக்கும் சாதாரண கிறேட்டில் இவை எல்லாம் இருக்கிறதா, எத்தனை எயார்பேக், தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி உண்டா என்று ஷோரூமில் கேளுங்கள். இதில் ஏதாவது குறைந்து, அதற்கு மேல் கிறேட் எடுக்கக் காசு கேட்டால், அந்தக் காசைக் கொடுக்க நான் சம்மதம். (தானாகப் பிரேக் பிடிக்கும் கருவி பெரும்பாலும் வாகனத்தையும் ஆளையும் சைக்கிளையும் அடையாளம் காணத்தான் செய்யப்பட்டது. மாட்டுக்கு அதை நம்பாதீர்கள்.)

இனி டயர். இந்த வகைக் கார்களில் சாதாரண டயர் 205/65 ஆர் 16, ஸ்போர்ட்ஸ் டயர் 215/50 ஆர் 18 என்று வருவதுண்டு. இரண்டாவது எண், டயரின் அகலத்தில் பக்கச் சுவர் எத்தனை வீதம் உயரம் என்பது. கணக்குப் போட்டால் முதலாவதில் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே 133 மில்லிமீற்றர் ரப்பரும் காற்றும் இருக்கிறது, இரண்டாவதில் 107 சொச்சம்தான். குறைகிற 26 மில்லிமீற்றர்தான் பள்ளத்தில் விழும்போது அடியைத் தாங்குகிற பகுதி. பட்டிருப்புப் பாலம் தாண்டி வயலுக்குப் போகிற வழியில் மழைக்குப் பிறகு ரோட்டுக் கரை எப்படி அரித்துக் கிடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த விளிம்பில் 18 அங்குல ரிம் ஒரு தரம் இடித்தால் ரிம் வளையும், இல்லாவிட்டால் டயரின் பக்கச் சுவர் பொங்கும். பொங்கின டயரை ஒட்ட முடியாது, மாற்றத்தான் வேண்டும். கல்முனையிலோ மட்டக்களப்பிலோ நீங்கள் வழக்கமாகப் போகும் டயர் கடையில் இந்த இரண்டு அளவுக்கும் விலை கேளுங்கள், உடனே கையில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அந்த ஒரு பதிலே உங்களுக்குப் பாதி முடிவைச் சொல்லிவிடும். மார்கழி வெள்ளத்தில் தாழ்ந்த கார் என்ன பாடுபடும் என்பதைத் தனியாக எழுதவில்லை.

காசுக் கணக்குக்கு வருவோம். "மாதம் பதினையாயிரம்தான்" என்பது பொய்யில்லை. வட்டி 14 வீதம், ஐந்து வருடம் என்று வைத்தால், ஆறரை இலட்சத்துக்கு மாதக்கட்டு 15,124 ரூபாய். ஆனால் அறுபது மாதத்தில் நீங்கள் கட்டி முடிப்பது 907,000 ரூபாய்க்கு மேல். அதாவது இரண்டரை இலட்சத்துக்கு மேல் வட்டி. கார்க் கடன் 50 இலட்சத்துக்கு அதே கணக்கில் ஏற்கனவே மாதம் 116,341 வருகிறது. பேக்கேஜும் சேர்ந்தால் 131,000 தாண்டும். உங்கள் இருவர் வருமானம் மூன்று இலட்சத்துப் பத்தாயிரம், அதில் உங்களுடையது கடை வருமானம். கட்டட வேலை நிற்கிற மழைக்காலத்தில் ஹார்ட்வெயார் கடையில் எவ்வளவு ஓடும் என்று உங்கள் கணக்குக் கொப்பியைப் பாருங்கள். லீசிங் கம்பனிக்கு மாரி, கோடை எல்லாம் ஒன்றுதான்.

அந்த ஆறரை இலட்சத்தில் சாமானின் விலை எவ்வளவு என்பதும் தெரிந்திருப்பது நல்லது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியை மறுபடி திறந்தபோது வைத்த விகிதப்படி, சுங்கத் தீர்வை 20 வீதம், அதன் மேல் பாதி மேலதிகத் தீர்வை, ஆக 30 வீதம். அதற்கு மேல் வற் 18 வீதம். எஞ்சின் அளவைப் பார்த்துப் போடும் உற்பத்தி வரி இதனால் கூடாது, ஆனால் தீர்வையும் வற்றும் பெறுமதியைப் பார்த்துத்தான் போடப்படும். அந்த விகிதப்படி துறைமுகத்தில் ஒரு இலட்சம் பெறுமதியான சாமானுக்குத் தீர்வை 30,000, வற் (பெறுமதியோடு பத்து வீதமும் தீர்வையும் கூட்டிய தொகைக்கு) 25,200 என்று, ஏஜென்டின் இலாபம் சேர முதலே 155,200 ஆகிவிடும். இன்னொன்றும் கேளுங்கள்: அதே 2025 விகிதப்படி பெற்றோல் ஹைபிரிட்டுக்குத் துறைமுகப் பெறுமதி 55 இலட்சத்தைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு ஆடம்பர வரியும் உண்டு. பேக்கேஜ் உங்கள் காரை அந்தக் கோட்டுக்கு மேலே தள்ளுகிறதா, அந்த வரியும் ஆறரைக்குள் அடக்கமா, அல்லது டெலிவரி நேரத்தில் தனியாகக் கேட்பார்களா? இதை வாயால் கேட்டுத் திருப்திப்படாமல் எழுத்தில் வாங்குங்கள்.

இனி மச்சானின் கதை. விற்கும்போது காசு வரும் என்பது, பேக்கேஜ் தொழிற்சாலையிலேயே பூட்டி, கிறேட் பெயரோடு வந்தால் ஓரளவு உண்மை. வாங்க வருகிறவன் ஆவணத்தில் அதைப் பார்க்கலாம். இங்கே கொண்டுவந்து பூட்டியதென்றால் அவன் ஒரு சதம் கூடத் தரமாட்டான், கார் ஓடிக் களைத்ததோ என்று சந்தேகப்பட்டு விலையைக் குறைப்பான். தொழிற்சாலைப் பேக்கேஜ் என்றாலும், ஐந்து வருடத்தில் ஒன்பது இலட்சம் கட்டியதற்கு ஒன்பது இலட்சம் திரும்புமா? நம் பக்கத்தில் பாவித்த கார் வாங்க வருகிறவர்கள் கேட்பது எத்தனை கிலோமீற்றர் ஓடியது, அடிபட்டதா, பற்றரி எப்படி, பெற்றோல் எவ்வளவு குடிக்கும் என்பவைதான். ஸ்டெபிலைசர் பார் பற்றிக் கேட்டவரை நான் கண்டதில்லை. கொழும்பில் கேட்பவர்கள் இருக்கலாம், அங்கே கொண்டுபோய் விற்கிற அலைச்சலையும் கணக்கில் சேருங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கடைசி வரிதான். நாலு இலட்சத்துக்கு நகை அடகில் இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அடகு வட்டி லீசிங் வட்டியை விடக் குறைவாகக்கூட இருக்கலாம், அதனால் வட்டியை வைத்து மட்டும் நான் பேசவில்லை. கடைக்குச் சரக்கு எடுக்க அவசரமாகக் காசு வேண்டும், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால், நம் வீடுகளில் காலையில் போய் மத்தியானத்துக்குள் காசாக்கக்கூடிய ஒரே சொத்து நகைதான். அது இப்போது உங்கள் கையில் இல்லை. 70 இலட்சமும் காருக்குப் போகிறது. கார் வந்த மறுநாள் உங்களிடம் அவசரத்துக்கு என்ன இருக்கும்? ஒரு கார், அதுவும் லீசிங் கம்பனியின் பெயரில்.

ஆகவே மாதம் 15,124 கட்டத் தயார் என்றால் அதை நகைக்குக் கட்டுங்கள். பகுதி பகுதியாகக் கட்டலாமா என்று வங்கியில் கேளுங்கள், பெரும்பாலும் ஏற்பார்கள். அடகு வட்டியையும் 14 வீதம் என்றே வைத்தாலும் 32 மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும், அதே காசில். அதற்கு முன் அடகுத் தவணை முடிகிற திகதியைப் பார்த்துப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

கார்ப் பக்கம் கொஞ்சம் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால், முழுக் காப்புறுதியில் வெள்ளம், புயல் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சில பொலிசிகளில் அதைத் தனியாகக் காசு கட்டித்தான் சேர்க்க வேண்டும். மட்டக்களப்பில் கார் வைத்திருப்பவர் அதை விடக்கூடாது. முதல் டயர் தேய்ந்ததும் அதே அளவில் மழை ரோட்டுக்கு நன்றாகப் பிடிக்கிற தரமான டயர் நாலு போடுங்கள், காற்றை ஒழுங்காகப் பாருங்கள். பேக்கேஜில் கிடைக்கும் பிடிமானத்தில் ஒரு நல்ல பங்கு டயரில் இருந்துதான் வருகிறது. ஆனால் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தித் தருகிறோம் என்கிற கராஜ் பக்கம் மட்டும் போகாதீர்கள். கார் தறிகெடும், வாரண்டி போகும், விபத்து என்றால் காப்புறுதிக்காரன் அதையே பிடித்துக்கொள்வான்.

ஆசைக்கு ஒன்று வாங்குவது குற்றமில்லை. பதுளையில் இருந்து, தினமும் மலை ரோட்டில் ஓட்டுகிற, ஆறரை இலட்சம் காசாகக் கையில் வைத்திருக்கிற ஒருவர் இதே கேள்வியை எழுதியிருந்தால் போடுங்கள் என்றிருப்பேன். உங்களுக்கு இன்னும் மனம் ஆறவில்லை என்றால், பேக்கேஜ் போட்ட கார் ஒன்றை ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் போதாது. அம்மாவைப் பின் சீட்டில் இருத்தி, நீங்கள் வழமையாகப் போகிற மாதிரியான பள்ளம் மேடுள்ள ரோட்டில் அரை மணித்தியாலம் ஓட்டுங்கள். இறங்கியதும் அவரிடம் கேளுங்கள், சேல்ஸ் தம்பியிடம் கேட்க வேண்டாம்.

ஓடர் போர்மில் கையெழுத்துப் போடும்போது, பேக்கேஜ் இல்லாத விலை, டெலிவரித் திகதி, வரி மாறினால் கூடுகிற தொகையை யார் ஏற்பது என்ற மூன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும். பேக்கேஜ் எடுக்காவிட்டால் கார் பிந்தி வரும் என்று சொன்னால், அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.