வார்டுக்குப் பார்க்கப் போகிறவர்கள் கேட்டவை

காரைக்குடிப் பக்கம் முப்பது வருஷம் நர்ஸாக வேலை பார்த்தேன். கடைசிச் சில வருஷம் தொற்றுத் தடுப்பு என் பொறுப்பில் இருந்தது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கண்டனூரிலிருந்து ஒருவர்: அப்பச்சிக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறது. பங்காளிகளெல்லாம் பார்க்க வருகிறார்கள். வாசலில் ரெண்டு பேருக்கு மேல் விடமாட்டேன் என்கிறார்கள். நம் பக்கத்தில் இது நடக்குமா தம்பி?

நடக்காதுதான். ஆனால் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். தேவகோட்டை பஸ்ஸிலிருந்து நேரே வந்த ஒரு ஆச்சி கட்டில் ஓரம் உட்கார்ந்தார். கம்பியில் தொங்கிய யூரின் பை பார்க்க நன்றாக இல்லை என்று எடுத்துப் படுக்கை மேல் வைத்தார். அதே கையால் இட்லியைப் பிட்டு ஊட்டினார். அத்தனையும் பிரியம்தான். அந்தப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும், தரையிலும் படக்கூடாது. மேலே தூக்கினால் டியூபில் இருக்கிற மூத்திரம் கிருமியோடு உள்ளே திரும்பும். ஆபரேஷன் நன்றாக முடிந்தும் அப்பச்சிக்குக் காய்ச்சல் வர அது போதும். மற்ற பங்காளிகள் போனில் விசாரிக்கட்டும். வீட்டுக்கு வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். சளி, வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் அந்த ரெண்டு பேரிலும் வேண்டாம்.

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர்: டாக்டரைப் பார்த்து "கை கழுவினீங்களா?" என்று கேட்டால் மரியாதையாக இருக்குமா?

தாராளமாகக் கேளுங்கள் ஆச்சி. 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் இதைத்தான் கேட்டார். பிணப் பரிசோதனை செய்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்க்கப் போனார்கள், தாய்மார்கள் ஜுரத்தில் செத்தார்கள். குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவ வைத்ததும் சாவு மளமளவென்று குறைந்தது. அப்படியும் அவரைச் சக டாக்டர்கள் நம்பவில்லை.

கிளவுஸ் போட்டிருந்தாலும் விடாதீர்கள். அதே கிளவுஸோடு போன் பேசிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனால் அது வெறுங்கையை விட மோசம். சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். கையில் அழுக்கு தெரிந்தாலோ, வயிற்றுப்போக்கு நோயாளியைத் தொட்டிருந்தாலோ சோப்பும் தண்ணீரும்தான். அதற்கு ஒரு நிமிஷம் ஆகும்.

ஐயாவுக்கு டிபி. மாஸ்க் யார் போடுவது?

ரெண்டு பேருமே. ஐயாவுக்குச் சாதாரண சர்ஜிகல் மாஸ்க் போதும், இருமும்போது தெறிப்பதை அது பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் இருந்து பார்க்கிறவருக்கு முகத்தில் இடைவெளி இல்லாமல் படிகிற என்95. அதைவிட முக்கியம் காற்று. ஏசி போட்டு அடைத்த அறையில் கிருமி மிதந்துகொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் உள்ளறையில் கிடத்தாதீர்கள். வளவு எதற்குக் கட்டினார்கள்? வானம் தெரிகிற முற்றத்தை ஒட்டிக் கட்டிலைப் போடுங்கள். மாத்திரையை மட்டும் ஒருநாளும் நிறுத்தக்கூடாது.

பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது. ஓபி வரிசையில் உட்காரலாமா?

கூடாது. சின்னம்மை காற்றிலேயே பரவும். வரிசையில் கர்ப்பிணி இருப்பார், கைக்குழந்தை இருக்கும். முதலில் போன் பண்ணிச் சொல்லுங்கள், கூப்பிடும்வரை வெளியே மரத்தடியில் நில்லுங்கள். கொப்புளம் எல்லாம் காய்ந்து பக்கு ஆகும்வரை பரவும். வேப்பிலை கட்டுங்கள், அதற்கும் எனக்கும் சண்டை இல்லை.

மகள் நர்சிங் படிக்கிறாள். ஊசி குத்திவிட்டது என்று அழுகிறாள்.

பிதுக்க வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று மறைக்காமல் உடனே பொறுப்பாளரிடம் சொல்லட்டும். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் சில மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ஹெபடைடிஸ் பி ஊசி மூன்றும் போட்டிருக்கிறாளா என்று பாருங்கள். பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடப் போய்த்தான் பாதிப் பேர் குத்திக்கொள்கிறார்கள் என்பது என் அனுபவம். நேரே வெள்ளைப் பெட்டியில் போடச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக் கூடையைக் கட்டிலுக்கு அடியில் வைக்கலாமா?

தரையிலா? வேண்டாம், லாக்கர் மேல் வையுங்கள்.