வண்டி நிற்கும், பேட்டரி நிற்குமா?

வாசகர் கேள்வி – பதில்

மின்சார ஸ்கூட்டரையும் சைக்கிளையும் பொது இடத்தில் நிறுத்துவது பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: காலை 7 மணிக்கு ரயில் நிலைய ஸ்டாண்டில் ஸ்கூட்டரை விட்டால் இரவு 8 மணிக்குத்தான் எடுக்கிறேன். ரிமோட்டில் லாக் செய்ததும் பின்சக்கரம் இறுகிவிடுகிறது. தொட்டால் அலாரம் அடிக்கிறது. இதற்கு மேல் தனியாகப் பூட்டு தேவையா? (தாம்பரம் வாசகர்)

பதில்: கட்டாயம் தேவை. ரிமோட் லாக் வண்டியை ஓட்டிக்கொண்டு போகவிடாது, அவ்வளவுதான். தூக்கிக்கொண்டு போவதை அது தடுக்காது. பின்சக்கரம் இறுகுவது மோட்டார் தரும் எதிர்ப்பு மட்டுமே. பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து முன்சக்கரத்தில் உருட்டிவிடலாம். மூன்று பேர் சேர்ந்தால் குட்டி யானையில் ஏற்றிவிடலாம்.

அலாரத்தின் கதை இன்னும் மோசம். குறைந்த விலை வண்டிகள் பலவற்றில் அலாரத்துக்குத் தனி பேட்டரி கிடையாது. வண்டியின் பேட்டரியிலிருந்தே கரன்ட் வருகிறது. பேட்டரியை உருவினால் அலாரமும் வாயை மூடிக்கொள்ளும். சார்ஜ் மிச்சமாகட்டும் என்று சீட்டுக்கடியில் உள்ள எம்சிபியை (பேட்டரியின் மெயின் ஸ்விட்ச்) அணைத்துவிட்டுப் போகிறவர்கள் திருடனுக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்துகிறார்கள். வண்டியைப் பூட்டிய வளாகத்துக்குள் வைத்துவிட்டு வாரக்கணக்கில் ஊருக்குப் போகும்போது எம்சிபியை அணைப்பது சரி. ஸ்டாண்டில் வேண்டாம்.

பூட்டுக்கு வருவோம். முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தால் டிஸ்க் லாக் போடலாம். டிரம் பிரேக் வண்டியில் அதை மாட்ட இடமே இல்லை. டிஸ்க் லாக்கும் உருட்டுவதைத்தான் தடுக்கும், தூக்குவதை அல்ல. வண்டியைத் தரையோடு பிணைப்பது சங்கிலி ஒன்றுதான். ரப்பர் உறை போட்ட மெல்லிய கேபிள் பூட்டைக் கை கட்டரே வெட்டிவிடும். கடினப்படுத்திய எஃகில், கண்ணி குறைந்தது 10 மி.மீ. பருமன் உள்ள சங்கிலியாக வாங்குங்கள். மீட்டருக்கு இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். கையில் எடுத்ததும் லேசாகத் தெரிந்தால் அது வேலைக்கு ஆகாது.

சங்கிலியைப் பின்சக்கரம், சட்டம் (ஃபிரேம்), அசையாத ஒரு தூண் அல்லது தரையில் பதித்த இரும்பு வளையம் மூன்றையும் சேர்த்து வளையுங்கள். அது தரையில் கிடக்கவே கூடாது. தரையில் கிடந்தால் போல்ட் கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி, மறு கைப்பிடியில் முழு உடல் எடையையும் போட்டு அழுத்த வசதியாகிவிடும். தரைக்கு மேலே, தொய்வில்லாமல் இழுத்துப் பூட்டினால் கட்டருக்கு அந்தப் பிடிமானம் கிடைக்காது.

சங்கிலி கனமாக இருந்தும் பூட்டு நோஞ்சானாக இருந்தால் பயனில்லை. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு கதவுக்கு அருமையானது. ஆனால் கதவுப் பூட்டுகளில் வளைந்த கம்பி நீளமாக வெளியே நிற்கும். அந்த இடைவெளியில் கடப்பாரை நுழையும். சங்கிலிக்கு வளைவு குட்டையான, கம்பி தடித்த பூட்டுதான் வேண்டும். சாவித் துவாரம் கீழ்நோக்கி இருந்தால் மழைத்தண்ணீர் இறங்காது. கடலோர ஊர்களில் உப்புக்காற்றில் பூட்டு இறுகும். அதற்கு எண்ணெய் விட்டால் தூசி சேர்ந்து களிம்பாகும். கிராஃபைட் தூள் போடுங்கள்.

நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. ஸ்டாண்டுக்காரர் வண்டிகளை நகர்த்தி நெருக்கி அடுக்குவார். சொல்லாமல் தூணோடு பூட்டினால் சண்டைதான் வரும். மாதப் பாஸ் எடுக்கும்போதே தூணோரத்து இடத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கேள்வி: என் வண்டியில் பேட்டரியைக் கழற்றலாம். கடைத்தெருவில் அரைமணி நேரம் நிறுத்தும்போதும் கழற்றி எடுத்துப்போக வேண்டுமா? (மதுரை வாசகி)

பதில்: அரைமணி நேரத்துக்கு, ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், வேண்டாம். பத்து கிலோவைத் தூக்கிக்கொண்டு யார் புடவை எடுப்பது! அலுவலகம், மருத்துவமனை என்று மணிக்கணக்கில் நிறுத்துவதானால் எடுத்துப்போங்கள்.

எடுக்க முடியாதவர்கள் சீட் லாக்கைப் பாருங்கள். சீட் பூட்டைத் திறப்பது பெரும்பாலும் ஒரு மெல்லிய கேபிள்தான். பக்கத்து பிளாஸ்டிக் மூடியை நெம்பி அந்தக் கேபிளை இழுத்தால் சாவியே இல்லாமல் சீட் திறந்துகொள்ளும். ஆகவே பேட்டரிக்கு இரண்டாவது தடை வேண்டும். பேட்டரியின் மேல் குறுக்காக ஓர் இரும்புப் பட்டை போட்டு, ஏற்கெனவே சட்டத்தில் உள்ள போல்ட் துளைகளிலேயே அதை இறுக்கி, ஒரு முனையில் சிறு பூட்டு மாட்டலாம். பட்டைக்கும் பேட்டரிக்கும் நடுவே ரப்பர் வையுங்கள். பட்டை டெர்மினலைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட் ஆகும். வெல்டிங்கோ டிரில்லிங்கோ தேவைப்பட்டால், பேட்டரியை இறக்கிவைத்த பிறகுதான் பட்டறைக்காரர் வண்டியைத் தொட வேண்டும். வாரன்டி போகுமா என்று சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்டுவிடுங்கள்.

லெட்-ஆசிட் பேட்டரி வண்டிகளில் (60 வோல்ட் என்றால் 12 வோல்ட் பேட்டரி ஐந்து, மொத்தம் 30 கிலோவைத் தாண்டும்) தினமும் கழற்றுவது நடக்காத காரியம். ஆனால் ஈயத்துக்குப் பழைய இரும்புக் கடையில் எப்போதும் விலை உண்டு என்பதால் அதையும் விட்டுவைக்க மாட்டார்கள். இந்த வண்டிகளுக்கு மேலே சொன்ன பட்டைதான் வழி.

கழற்றி எடுத்துப்போன பேட்டரியை வெயில் படும் ஜன்னலோரத்திலோ, வெளியேறும் வழியிலோ வைக்காதீர்கள். கனெக்டருக்கு மூடி போடுங்கள். பையில் சாவிக்கொத்தோடு சேர்த்துப் போடக் கூடாது. பேட்டரியின் வரிசை எண்ணை இன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.

கேள்வி: என் 60 வோல்ட் ஸ்கூட்டருக்கு ஆன்லைனில் வாங்கிய ஜிபிஎஸ் கருவி, மாட்டிய அன்றே புகைந்துவிட்டது. ஏன்? (சேலம் வாசகர்)

பதில்: பெட்டியில் வோல்டேஜ் எல்லையைப் பாருங்கள். பெட்ரோல் பைக்குக்கு வரும் கருவிகள் பல 9 முதல் 36 வோல்ட் வரைதான் தாங்கும். உங்கள் வண்டியின் 60 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 67-ஐத் தாண்டும். அதில் நேராக இணைத்தால் எரியாமல் என்ன செய்யும்? முகப்பு விளக்குக்குப் போகும் 12 வோல்ட் லைனில், 1 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகக் கொடுங்கள். வண்டி அணைந்ததும் அந்த லைனும் அணைகிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். அணைந்தால் கருவியும் தூங்கிவிடும். அப்படியானால் 90 வோல்ட் வரை தாங்கும் கருவியை வாங்கிப் பெரிய பேட்டரியிலேயே இணைக்க வேண்டும். எதுவானாலும் கருவிக்குள் சொந்தமாக ஒரு சிறு பேட்டரி இருக்க வேண்டும். திருடன் முதலில் பிடுங்குவது வண்டி பேட்டரியைத்தான்.

இன்னொன்று: கருவி 2ஜி மட்டும் உள்ளதா? ஜியோவுக்கு 2ஜி கிடையாது. அந்த சிம்மைப் போட்டால் கருவி பேசாது. ஆன்டெனா பகுதியை இரும்புக்கு அடியில் புதைக்காமல், பிளாஸ்டிக் மூடிக்குள் வானம் பார்த்து வையுங்கள். கருவி சொல்லும் இடத்துக்கு நீங்களே போய் நிற்காதீர்கள். அதைப் போலீசிடம் காட்டுங்கள்.

கேள்வி: 250 வாட் மின்சார சைக்கிள் வைத்திருக்கிறேன். நம்பர் பிளேட் இல்லை. காணாமல் போனால் என்னுடையதென்று எப்படி நிரூபிப்பது? (கோவை வாசகர்)

பதில்: மோட்டார் 250 வாட்டுக்கும் வேகம் 25 கி.மீ.க்கும் உட்பட்டிருந்தால் பதிவு, லைசென்ஸ், மோட்டார் இன்ஷூரன்ஸ் எதுவும் தேவையில்லை. அந்த வசதியின் மறுபக்கம்தான் உங்கள் கேள்வி. பில், சட்ட எண் (பெரும்பாலும் பெடல் பொருத்திய இடத்துக்கு அடியில் அடித்திருப்பார்கள்), பேட்டரி எண் மூன்றையும் போட்டோவாக வையுங்கள்.

பூட்டும்போது சங்கிலி சைக்கிளின் முக்கோணச் சட்டத்துக்குள் போக வேண்டும். சக்கரத்தில் மட்டும் போட்டால் சக்கரம் உங்களுக்கு, சைக்கிள் அவனுக்கு. முன்சக்கரம் நெம்புகோலைத் திருப்பினாலே கழலும் வகையென்றால், சாவி போட்டுத் திருக வேண்டிய அச்சுக்கு மாற்றுங்கள். பேட்டரி இரண்டு மூன்று கிலோதான், கையோடு எடுங்கள். அதன் சாவியில் பொறித்த எண்ணையும் குறித்துவையுங்கள். தொலைந்தால் மாற்றுச் சாவிக்கு உதவும்.

கேள்வி: 'வண்டி தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று ஸ்டாண்டில் எழுதிவைத்தால் கதை முடிந்ததா? இன்ஷூரன்ஸ் கிடைக்குமா? (திருச்சி வாசகர்)

பதில்: பலகையோடு முடிந்துவிடாது. ஹோட்டல் ஊழியரிடம் சாவியை ஒப்படைத்த கார் திருடுபோன வழக்கில், 'சொந்தப் பொறுப்பில்' என்று அச்சடித்துவிட்டு ஹோட்டல் தன் அலட்சியத்திலிருந்து தப்ப முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாவி உங்களிடமே இருக்கும் ஸ்டாண்டுக்கு அது அப்படியே பொருந்தாது. ஆனாலும் டோக்கனைத் தூக்கி எறியாதீர்கள்.

மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் வைத்திருந்தால் திருட்டுக்கு ஒரு ரூபாய் வராது. முழு பாலிசி என்றால் பாலிசியில் குறித்த வண்டியின் மதிப்பு, அதாவது ஐடிவி, கணக்கில் வரும். பேட்டரி மட்டும் திருடுபோனால் தருவார்களா என்பதை பாலிசி எடுக்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வண்டியோடு சேர்ந்து திருடுபோகாத உதிரிகளுக்குப் பணம் இல்லை என்ற விதியைக் காட்டி மறுக்க இடமிருக்கிறது.

காவல் நிலையத்தில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சிஎஸ்ஆர் ரசீதோடு திரும்பிவிடாதீர்கள். இன்ஷூரன்ஸுக்கு எஃப்ஐஆர் வேண்டும். இணையவழியில் புகார் கொடுத்தால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்தில் இரண்டு சாவியையும் கேட்பார்கள். ஒன்று எப்போதோ தொலைந்திருந்தால் அப்போதே நிறுவனத்துக்கு எழுதிவையுங்கள்.

கேள்வி: பழைய மின்சார ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறேன். பூட்டு மாற்ற வேண்டுமா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: பூட்டுக்கு முன்னால் ஆப். பழைய உரிமையாளரின் கணக்கில் வண்டி இன்னும் இணைந்திருந்தால் வீட்டில் உட்கார்ந்தே அவரால் வண்டி நிற்கும் இடத்தைப் பார்க்க முடியும். சில மாடல்களில் திறக்கவும் முடியும். பணம் கைமாறும்போதே அவர் கணக்கிலிருந்து வண்டியை நீக்கச் சொல்லி, உங்கள் எண்ணில் சேருங்கள். ரிமோட் வண்டியென்றால் பழைய ரிமோட்டுகளை நினைவிலிருந்து அழித்துப் புதிதாகப் பதியச் சொல்லுங்கள்.