ஏழு சனிக்கிழமையை மொத்தமா வாங்கலாமா அக்கா?

அன்புள்ள அக்காவுக்கு, நாங்க மிச்சிகன்ல நோவையில இருக்கோம், வந்து ஒம்பது வருஷம் ஆச்சு. போன அக்டோபர்ல எங்க மேனேஜர் தன்கிட்ட மீந்துபோன ரெண்டு டிக்கெட்டைக் குடுத்தார், ஆன் ஆர்பர்ல மிச்சிகன் யுனிவர்சிட்டி ஃபுட்பால் கேம் (நம்ம கால்பந்து இல்ல, தோள்ல அட்டை கட்டிக்கிட்டு முட்டி மோதுவாங்களே அது). எனக்கு ரூல்ஸ் பாதி புரியல, ஆனா லட்சம் பேர் ஒண்ணா கத்தினப்ப சிலிர்த்துடுச்சு. இப்ப சீசன் டிக்கெட்டே (சனிக்கிழமைகள்ல அங்க நடக்கற எல்லா கேமுக்கும் சேத்து) வாங்கிடலாம்னு பாக்கறேன். நான், மனைவி, 11 வயசுப் பையன், 6 வயசுப் பொண்ணு, நாலு சீட்டுக்கு, சீட்டுக்காக காலேஜுக்குக் கட்ட வேண்டிய டொனேஷனோட சேத்து, 3,400 டாலர் வருது. ஆஃபீஸ் ஃப்ரெண்ட் ஒருத்தர், ஒஹாயோ ஸ்டேட் (பக்கத்து மாநிலத்துப் பரம எதிரி டீம்) கேமை மட்டும் வித்தாலே பாதிக் காசு வந்துடும், டொனேஷனை டாக்ஸ்ல கழிச்சுக்கலாம், இப்ப விட்டா அப்புறம் வெயிட்டிங் லிஸ்ட்தான்னு சொல்றார். மனைவி "ஏழு சனிக்கிழமையா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டா, அதோட பேச்சை விட்டுட்டா. பையன் அன்னிக்கு கார்ல திரும்பும்போது வீடு வர்ற வரைக்கும் பேசிட்டே வந்தான், இப்பல்லாம் அவன் அப்படிப் பேசறதே இல்ல. வாங்கலாமா?
- நோவை வாசகர்

தம்பி, ஒஹாயோ ஸ்டேட் கேமை வித்துடலாம்னு சொன்ன அந்த ஃப்ரெண்டுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க, ஏன்னா இந்த வருஷம் அந்த கேம் ஆன் ஆர்பர்லயே கெடையாது. அது ஒரு வருஷம் இங்க, ஒரு வருஷம் அவங்க ஊர் கொலம்பஸ்ல. 2021, 2023, 2025 எல்லாம் இங்க நடந்துச்சு, ஒற்றைப்படை வருஷம் நம்மளுது, இரட்டைப்படை அவங்களுது. 2026-ல தேங்க்ஸ்கிவிங் முடிஞ்ச சனிக்கிழமை நீங்க 3,400 டாலர் கட்டியிருந்தாலும் டிவி முன்னாடிதான் உக்காரணும், கட்டாட்டியும் அதே டிவிதான். இந்த வருஷம் இங்க வர்றது மிச்சிகன் ஸ்டேட் (இதே மாநிலத்துல இருக்கற இன்னொரு யுனிவர்சிட்டி), அதுவும் நல்ல விலை போற கேம்தான், இல்லேங்கல.

ஆனா இந்த வித்துக் காசெடுக்கற கணக்கையே கொஞ்சம் யோசிங்க. எந்த கேம் நல்லா விலை போகுதோ அதுதானே பாக்கறதுக்கும் நல்ல கேம், அதை வித்துட்டு மீதியை நீங்க பாக்கறதுன்னா கல்யாணப் பந்தியில பாயாசத்தை வித்துட்டு ரசத்தோட எந்திரிச்ச மாதிரி. மீதில ரெண்டு மூணு செப்டம்பர்ல சின்ன டீம்களோட நடக்கும், அதுல பாதி கேம் இடைவேளைக்குள்ளயே முடிஞ்ச மாதிரிதான் (எப்பவும்னு சொல்ல முடியாது, 2007-ல அப்பலாச்சியன் ஸ்டேட்னு ஒரு டீம் வந்து 34-32 ஜெயிச்சுட்டுப் போச்சு, இன்னிக்கும் அந்தப் பேரைச் சொன்னா இந்த ஊர்க்காரங்க மூஞ்சியத் திருப்பிக்குவாங்க). அந்த மாதிரி கேமுக்கு நீங்க போட்ட விலையைக் குடுத்து யாரு வாங்குவா, வாங்கினாலும் ரீசேல் சைட்காரன் கமிஷனைப் பிடிச்சுட்டுத்தான் மீதியைத் தருவான். 28 டிக்கெட்டை வெச்சுக்கிட்டு புதன்கிழமை ராத்திரி போன்ல விலையை ஏத்தி எறக்கிட்டு உக்காந்திருப்பீங்க, சும்மா சொல்லல, எங்க வீட்ல நடந்தது.

டொனேஷன் விஷயம் ஒரு காலத்துல நெசந்தான். சீட்டு கெடைக்கறதுக்காக காலேஜுக்குக் குடுக்கற டொனேஷன்ல 80 சதவீதத்தை டாக்ஸ்ல கழிச்சுக்கலாம்னு இருந்துச்சு, 2017 கடைசில வந்த டாக்ஸ் சட்டத்துல அதைத் தூக்கிட்டாங்க, 2018-லேந்து ஒரு டாலர் கூடக் கழிக்க முடியாது. பேருக்குத்தான் டொனேஷன், குடுக்கலேன்னா அந்த சீட்டு கெடையாதுன்னா அது விலை, அவ்ளோதான். உங்க ஃப்ரெண்ட் இன்னும் கழிச்சுட்டு இருக்கார்னா கொஞ்சம் தனியா கூப்பிட்டுச் சொல்லிடுங்க, பாவம்.

வெயிட்டிங் லிஸ்ட் பயம் எனக்குப் புரியுது, அந்த ஸ்டேடியத்தைப் பாத்தா யாருக்கும் தோணும், 107,601 சீட்டு, அமெரிக்காவுலயே பெருசு, ஆன் ஆர்பர் ஊர் ஜனத்தொகையே ஒன்னேகால் லட்சம் பக்கந்தான். 1975 நவம்பர்லேந்து, கோவிட் வருஷத்தை விட்டுட்டா, ஒரு கேம்ல கூட கூட்டம் லட்சத்துக்குக் கீழ எறங்கினதில்ல. ஆனா லட்சம் பேர் வர்ற எடத்துல ஒவ்வொரு வாரமும் யாருக்காவது கல்யாணம் இருக்கும், யாருக்காவது காய்ச்சல் இருக்கும், உங்க மேனேஜர் கையில ரெண்டு மீந்துச்சு இல்ல, அந்த மாதிரி, அதெல்லாம் எங்கயாவது விலைக்கு வந்துட்டேதான் இருக்கும். சீசன் டிக்கெட்காரங்களுக்கு இருக்கற உண்மையான லாபம் அடுத்த வருஷம் அதே சீட்டைப் புதுப்பிச்சுக்கற உரிமையும், வருஷாவருஷம் கட்டிட்டே வந்தா மெதுவா நல்ல எடத்துக்கு நகர முடியறதும்தான். இருபது வருஷம் போகப்போறவங்களுக்கு அது பெரிய விஷயம். நீங்க இதுவரைக்கும் பாத்தது ஒரு கேம்.

உங்க மனைவி கேட்ட கேள்விதான் இதுல சரியான கேள்வி. அவங்க காசைப் பத்திக் கேக்கல, கவனிச்சீங்களா?

ஏழுன்னு கூட நிச்சயமில்ல, 2024-ல எட்டு ஹோம் கேம் இருந்துச்சு, 2025-ல ஆறுதான். சரி ஏழுன்னே வெச்சுக்குவோம். கேம் 60 நிமிஷம்னு போர்டுல ஓடும், ஆனா டிவி விளம்பரத்துக்காக நடுநடுவுல நிறுத்திடுவாங்க, பிளேயர்ஸ் இடுப்புல கையை வெச்சுட்டு நிப்பாங்க, குளிர்ல நீங்களும் நிப்பீங்க, மொத்தம் மூன்றரை மணி நேரம் ஆயிடும். அதுக்கு முன்னாடி டிராஃபிக், பயனியர் ஹைஸ்கூல் பக்கமோ கோல்ஃப் கோர்ஸ் புல்வெளியிலயோ பார்க்கிங், முடிஞ்சதும் லட்சம் பேரும் ஒரே நேரத்துல கெளம்புவாங்க, சனிக்கிழமைங்கற நாளே போயிடும். அதுகூடப் பரவால்ல, ஆட்டம் எத்தனை மணிக்குன்னே முன்னாடி தெரியாது தம்பி. மத்தியானம் 12 மணியா, மூன்றரையா, ராத்திரி ஏழரையான்னு டிவிக்காரங்கதான் முடிவு பண்றாங்க, ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூணு பேரும் பிரிச்சு எடுத்துக்கறாங்க, சீசன் ஆரம்பத்துல வர்ற சில கேம் தவிர மத்ததுக்கு 12 நாள் முன்னாடி சொல்வாங்க, சில சமயம் 6 நாள் முன்னாடிதான். செப்டம்பர் அக்டோபர் நவம்பர் நமக்கு என்ன மாசம்னு நான் சொல்லணுமா, கொலு, தீபாவளி பார்ட்டி, பொண்ணோட டான்ஸ் ப்ரோக்ராம், எல்லாம் சனிக்கிழமையிலதான் வந்து விழும். ஒருத்தங்க மூணு வாரம் முன்னாடியே போன் பண்ணி "கொலுவுக்கு வந்துடுங்க"ன்னா உங்க மனைவி "டிவிக்காரங்க சொன்னதும் சொல்றேங்க"ன்னா சொல்வாங்க?

எங்க கதையைச் சொல்றேன். 2013-லேந்து மூணு சீசன், நாங்களும் நாலு சீட்டு. நாங்க மயங்கினது அந்த வருஷம் செப்டம்பர் 7 நோட்ர டேம்ங்கற இன்னொரு யுனிவர்சிட்டி டீமோட நடந்த நைட் கேம்ல, 115,109 பேர், அந்த ஸ்டேடியத்துல இன்னிக்கும் அதுதான் ரெக்கார்டு. வெளிச்சத்துல மஞ்சளும் நீலமுமா கூட்டம், பேண்ட் வாத்தியக்காரங்க உள்ள ஓடி வர்றாங்க, அந்த டிரம் மேஜர் பையன் பின்னால வளைஞ்சு தலை தரையைத் தொடற மாதிரி நிக்கறான், என் பொண்ணு தோள் மேல ஏறி நின்னுட்டா. அடுத்த வருஷம் 2014. நோட்ர டேம், மிச்சிகன் ஸ்டேட், ஒஹாயோ ஸ்டேட் மூணுமே வெளியூர், டீம் 5 ஜெயிச்சு 7 தோத்துச்சு, அதே டொனேஷன் மட்டும் ஒழுங்கா கட்டினோம். அந்த வருஷ நவம்பர்லயே பசங்க ரெண்டும் வர மாட்டேன்னுடுச்சு, நாலு சீட்ல நாங்க ரெண்டு பேரும் எங்க ரெண்டு கோட்டும் உக்காந்திருந்தோம். சாதா சீட்டெல்லாம் பெஞ்சுதான் அங்க, சேர் கெடையாது, நம்பர் எழுதியிருக்கற எடந்தான் உங்க சீட்டு, குளிர்காலத்துல எல்லாரும் தடிதடியா கோட்டு போட்டுட்டு வந்தா பெஞ்சுல இருக்கற நம்பருக்கும் உக்காந்திருக்கற ஆளுக்கும் சம்பந்தமே இருக்காது, அதனால அந்த ரெண்டு காலி எடம் பக்கத்துக்காரங்களுக்குத்தான் உபயோகமாச்சு.

மூணாவது வருஷம் 2015 அக்டோபர் 17, மிச்சிகன் ஸ்டேட். (அப்பல்லாம் அவங்களும் ஒஹாயோவும் ஒரே வருஷத்துல இங்க வருவாங்க, இப்ப பிரிஞ்சுதான் வர்றாங்க.) 23-21 நம்ம முன்னாடி, பந்தும் நம்மகிட்ட, பத்து செகண்ட்தான் பாக்கி, ஒரு ஒதை ஒதைச்சுத் தள்ளினா முடிஞ்சுது. எங்க வீட்டுக்காரர் அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே "எந்திரி எந்திரி, பார்க்கிங்ல மாட்டிக்குவோம்"னு கெளப்பிட்டார். வாசல் தாண்டல, உள்ள திடீர்னு ஒரு மாதிரி ஆயிடுச்சு, லட்சம் பேர் ஒரே நேரத்துல வாயை மூடினா எப்படி இருக்கும்னு நான் அன்னிக்குத்தான் கேட்டேன். ஒதைக்க வேண்டியவர் பந்தைக் கைல வாங்கறப்ப நழுவ விட்டு, அதை எதிராளி எடுத்து ஓடி, டைம் முடியும்போது 27-23 அவங்க ஜெயிச்சுட்டாங்க. பல வருஷம் சேந்தாப்புல பேசப்பட்ட ஒரு ஆட்டத்தோட கடைசிப் பத்து செகண்ட், நாங்க டிக்கெட்டுக்குப் பணம் கட்டி, வாசல்ல நின்னுட்டிருந்தோம்! ஆசை ஆசையா ஒரே ஒரு கேமுக்கு டிக்கெட் வாங்கிட்டு வந்தவங்க எவங்களும் அந்த நேரத்துல எந்திரிச்சிருக்க மாட்டாங்க. நாங்க எந்திரிச்சோம், ஏன்னா மூணு வருஷத்துல எங்களுக்கு அது ஆஃபீஸ் போய்ட்டு வர்ற மாதிரி ஆயிடுச்சு. அந்த டிசம்பர்ல புதுப்பிக்கல.

இப்ப பையன். நீங்க அதை லெட்டர்ல கடைசில, போற போக்குல எழுதியிருக்கீங்க, எனக்கென்னவோ நீங்க வாங்கப் பாக்கறதே அதைத்தான்னு தோணுது. ஆனா ஒண்ணு கவனிங்க, அவன் பேசினது ஸ்டேடியத்துல இல்ல, கார்ல. நீங்க ரெண்டு பேர் மட்டும், ரெண்டு பேருக்கும் ரூல்ஸ் பாதி தெரியாது, பாத்ததை ஒருத்தருக்கொருத்தர் சொல்லிட்டே வந்திருக்கீங்க. அதே கார்ல நாலு பேர் வந்தா பின்சீட்ல தங்கச்சியோட சண்டை, இல்லேன்னா ஐபேட், முன்சீட்ல கால் வலிக்குதுன்னு உங்க மனைவி. ஆறு வயசுக் கொழந்தைக்கு அங்க என்ன தெரியும் சொல்லுங்க, எதிராளியோட மூணாவது டவுன் (பந்தை முன்னாடி கொண்டுபோக மூணாவது முயற்சி) வந்தாலே சுத்தி எல்லாரும் எந்திரிச்சு நின்னு கத்துவாங்க, அது பாக்கறதெல்லாம் முன்வரிசைக்காரங்க முதுகுதான்.

அதனால இந்த வருஷம் வாங்காதீங்க, நாலு சீட்டு எந்த வருஷமும் வாங்காதீங்க. செப்டம்பர்ல ஒரு சின்ன டீமோட கேமுக்கு கம்மி விலையில நாலு டிக்கெட் பாத்து எல்லாருமா ஒரு தடவை போய்ட்டு வாங்க, புளியோதரை கட்டிக்கிட்டுப் போய் கார் பக்கத்துலயே ஜமக்காளம் விரிச்சு சாப்பிடுங்க, வெளிச் சாப்பாட்டை உள்ள விட மாட்டாங்க. உங்க மனைவிக்குப் பிடிச்சா அது போனஸ், பிடிக்கலேன்னா அவங்களை அதுக்கப்புறம் கேக்காதீங்க. அப்புறம் அக்டோபர்ல ஒண்ணு, நீங்களும் பையனும் மட்டும், கொலு தேதியெல்லாம் வீட்ல கேட்டுட்டு அதுக்கு இடிக்காத வாரமா பாருங்க. மிச்சிகன் ஸ்டேட் கேமை நான் சொல்ல மாட்டேன், ரெண்டு டிக்கெட் விலையே கண்ணைக் கட்டும், அதை டிவில பாத்துக்கலாம். அதுக்குப் பதிலா நவம்பர்ல ஒரு கேம், அதுதான் பரீட்சை. செப்டம்பர் வெயில்ல யாரு வேணா ரசிகன்தான், நவம்பர் மத்தியானம் ஈரக் காத்துல ஆட்டத்தோட மூணாவது கால் பாகத்துல தோத்துட்டிருக்கும்போது "அப்பா இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம்"னு பையன் சொல்றானான்னு பாருங்க.

சொன்னான்னா வர்ற வருஷம் ரெண்டு சீட்டு வாங்குங்க, 2027 ஒற்றைப்படை, ஒஹாயோ ஸ்டேட் இங்க வரும், ஆரம்பிக்கறதுன்னா அந்த மாதிரி வருஷத்துலதான் ஆரம்பிக்கணும். அந்த கேமை விக்காதீங்க, 2021-ல பனி கொட்டக் கொட்ட 42-27 ஜெயிச்சப்ப மொத்த கூட்டமும் மைதானத்துக்குள்ள எறங்கிடுச்சு, அந்த டிக்கெட்டை முன்னாடியே வித்துட்டு வீட்ல உக்காந்து பாத்தவர் ஒருத்தர் எனக்குத் தெரியும், எவ்ளோ வந்துச்சுன்னு கேட்டா இன்னும் தொகையைச் சொல்ல மாட்டேங்கறார். வாங்கறதுக்கு முன்னாடி மட்டும் உங்க மனைவிகிட்ட திரும்ப ஒரு தடவை கேளுங்க, இந்தத் தடவை "எத்தனை சனிக்கிழமை உனக்கு வேணும்"னு கேளுங்க, அவங்க சொல்ற நாள் உங்க கேம் நாளா இருந்தா பையனை அவன் ஃப்ரெண்டோட அப்பாவோட அனுப்புங்க, இல்ல அந்த ஒரு கேம் டிக்கெட்டை மட்டும் வித்துடுங்க.

நவம்பர் கேமுக்குப் போகும்போது அமேசான் அட்டைப்பெட்டி ஒண்ணைப் பிரிச்சு எடுத்துட்டுப் போங்க, உள்ள விட்டா காலுக்கடியில போட்டுக்கலாம். குளிர் மேலேந்து வர்றதில்ல, அந்த காங்க்ரீட்லேந்துதான் ஏறும், பையனுக்கு ரெண்டு ஜோடி சாக்ஸ் போட்டுவிடுங்க.