நுண்ணாம், நுண்!

கேள்வி: செயற்கை நுண்ணறிவு வந்தால் மனிதனை மனிதனாகவே மதிக்க மாட்டார்கள் என்கிறார்களே, இதற்கு என்னதான் வழி?
- வாசகர், கும்பகோணம்

பதில்: அந்த 'நுண்' எங்கேர்ந்து வந்துச்சு, அதச் சொல்லுங்க மொதல்ல. செயற்கை அறிவுன்னாலே போதும்னு நானும் கத்திட்டே இருக்கேன், நான் கோடு போட்டு அடிச்சு எடுக்குற 'நுண்'ண எங்க ப்ரூஃப் புலவர் ராத்திரியோட ராத்திரியா திரும்ப சேத்துடுறார்.

நுண்ணுக்கு ஒரு சாம்பிள். 2022 செப்டம்பர், அரியானா ரோத்தக் பக்கம் 102 வயசு தாத்தா. கவர்மென்ட் கணக்குல அவரு செத்துட்டாரு, முதியோர் பென்ஷன் கட். மனுஷன் மாப்பிள்ளை மாதிரி ரதத்துல ஏறி பேண்டு வாத்தியத்தோட ஊர்வலமே வந்துட்டாரு, போர்டுல 'உங்க பூஃபா இன்னும் உசுரோடதான் இருக்கேன்'னு. பூஃபான்னா அத்தை புருஷன், கல்யாண வீட்ல சரியா கவனிக்கலன்னு முறுக்கிக்கிட்டு நிக்குறது அந்தப் பக்கம் அவரோட பரம்பரை உரிமை, இங்க அவரையே காரியம் பண்ணி அனுப்பிட்டாங்க, கோவம் வராதா? பென்ஷன் திரும்பி வந்துச்சு. ரதம் ஏறத் தெம்பில்லாதவங்க?

அது ஏ.ஐ. இல்ல, வெறும் டேட்டாபேஸ்னு புலவர் ஓரத்துல எழுதுவார். சரிங்க புலவரே, தெலங்கானாவுக்கு வாங்க. சமக்ர வேதிகான்னு கவர்மென்ட்டோட ஒரு சாஃப்ட்வேர், பேரு கிட்டத்தட்ட ஒத்துப்போனா எவரோட காரையோ உங்க தலைல கட்டி, ஏழை இல்லன்னு சொல்லிடும், ரேஷன் போச்சு. ரத்தான கார்டு சுமார் 19 லட்சத்தையும் நேர்ல போய் விசாரிங்கன்னு 2022 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்ல வேண்டியதாச்சு. நீங்க கேட்ட வழி அதான், வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு ஆள் வாசல்ல வந்து நின்னு பாக்கணும், பாத்தவருக்கு மிஷின் சொன்னத அடிச்சுட்டுக் கையெழுத்துப் போடுற அதிகாரமும் இருக்கணும்.

போன நவம்பர் சித்தப்பாவ லைஃப் சர்ட்டிபிகேட்டுக்கு பேங்க் கூட்டிட்டுப் போனேன். வாத்தியாரா இருந்தவர், சாக்பீஸ் புடிச்சுப் புடிச்சு கட்டைவிரல் ரேகை தேய்ஞ்சுபோச்சு, மூணு தடவ வச்சும் எடுக்கல. கவுன்ட்டர்ல இருந்தவர் அவர்கிட்டயே பத்தாவது படிச்சவர். "சார், உங்கள எனக்குத் தெரியாதா, மிஷின் ஒத்துக்கலயே சார், கையில தேங்காண்ணெ தடவிட்டு நாளைக்கு வாங்க." எனக்கு மிஷின் மேல கோவம் வரல. தன் கண்ணால பாத்தத சொல்லவே உரிமை இல்லாம உக்காந்திருந்தாரே, அவரப் பாத்துத்தான் பாவமா இருந்துச்சு.

வெளிய வந்ததும் சித்தப்பா கேட்டாரு, "ஏன்டா, நம்ம ஊர்ல ரதம் வாடகை என்ன ஆகும்?"