அதிர்வு உணரியும் நீரமானியும் வேறு வேறு அடர்த்தி காட்டினால் எதை நம்புவது?

"எங்கள் தொழிற்சாலையில் குழாயில் பூட்டிய அதிர்வு உணரி ஓர் அடர்த்தியைக் காட்டுகிறது, ஆய்வுகூடத்து நீரமானி இன்னொன்றைக் காட்டுகிறது. எதை நம்புவது?" என்பது கேள்வி. (நீரமானி என்பது திரவத்தில் மிதக்கவிட்டு அடர்த்தி வாசிக்கும் கண்ணாடிக் குச்சி.)

கேட்டவர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த தம்பியாகவோ தங்கச்சியாகவோதான் இருக்க வேண்டும். பழையவர்கள் இதையெல்லாம் கேட்பதில்லை. நீரமானிக் கணக்கைப் புத்தகத்தில் எழுதிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்கள். உங்களுக்கு மேலே ஒருவர் "மீற்றர் பழுது, கழற்று" என்று நிற்கிறார் என்பதும் என் ஊகம். இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். இரண்டும் சரியாகவே இருக்கலாம். எனக்கு அப்படித்தான் நடந்தது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பொறியியலாளர் இல்லை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சின்னச் சின்ன ஆலைகளில் கருவிகள் பூட்டுவதும் திருத்துவதும் என் வேலை. ஆகவே சமன்பாடு பிழை, சொல் பிழை என்று யாராவது வருவதாக இருந்தால் வரட்டும், கற்றுக்கொள்கிறேன். ஆனால் பம்புக்குப் பக்கத்தில் நின்று பார்த்ததைப் பற்றி மட்டும் என்னோடு வாதாட வேண்டாம்.

அதிர்வு உணரி வேலை செய்யும் விதம் சுருக்கமாக இதுதான். பள்ளிக்கூடத்தில் பார்த்த இசைக்கவை போன்ற இரண்டு உலோகக் கால்கள் திரவத்துக்குள் நிற்கும். அழுத்தமின் பளிங்கு ஒன்று (மின்சாரம் கொடுத்தால் அதிரும், அதிர்ந்தால் மின்சாரம் தரும்) அவற்றை அதிர வைக்கும், இன்னொன்று அந்த அதிர்வைக் கேட்டுக்கொண்டிருக்கும். மின்சுற்று எப்போதும் கவையை அதன் பரிவு மீடிறனிலேயே, அதாவது அது இயல்பாக ஆடும் வேகத்திலேயே, ஆட வைத்திருக்கும். கால்கள் ஆடும்போது சுற்றியுள்ள திரவத்தையும் சேர்த்துத்தான் அசைக்க வேண்டும். திரவம் அடர்த்தியாக இருந்தால் கூடுதல் திணிவைச் சுமக்க வேண்டும், மீடிறன் குறையும். வெறும் மோட்டர் சைக்கிள் பள்ளத்தில் விழுந்தால் சடசடவென்று துள்ளும், பின்னால் இரண்டு மூட்டை நெல் கட்டினால் அதே சைக்கிள் ஆறுதலாக ஏறி இறங்கும், அவ்வளவுதான் விஷயம். உள்ளே இருக்கும் கணிப்பான் ஓர் அலைவுக்கு எடுக்கும் நேரத்தையும் அதன் வர்க்கத்தையும் வைத்து, தொழிற்சாலையில் கண்டுபிடித்த மாறிலிகளால் பெருக்கி, அடர்த்தியைச் சொல்லும். கூடவே ஒரு வெப்பநிலை உணரியும் இருக்கும். சூடான திரவம் விரிந்து இலேசாகும் என்பதால் 20 பாகை செல்சியஸுக்குத் திருத்தித் தருவதற்கு அது தேவை.

கவைக்குப் பதிலாகத் திரவத்தை ஒரு குழாய்க்குள் விட்டு, அந்தக் குழாயையே அதிர வைக்கும் வகையும் உண்டு. 1967இல் ஒஸ்திரியாவின் அன்டன் பார் நிறுவனம் வெளியிட்ட முதல் டிஜிட்டல் அடர்த்திமானி அந்த வகைதான்; ப வடிவக் கண்ணாடிக் குழாய் ஒன்று அதற்குள் ஆடிக்கொண்டிருக்கும். ஆலைகளில் பூட்டும் நல்ல கவை கன மீற்றருக்கு 1 கிலோ அளவுக்குச் சரியாகச் சொல்லும், அதிர்குழாய் அதைவிட நுணுக்கமாகச் சொல்லும். "கோரியோலிஸ் மீற்றர் போட்டால் பாய்ச்சலும் அடர்த்தியும் சேர்ந்தே கிடைக்குமே" என்று ஒருவர் எழுதத்தான் போகிறார். கிடைக்கும். காசை அவர் தருவாரா?

சரி, என் கதைக்கு வருகிறேன். குளிர்பானம் செய்யும் ஓர் இடம். ஊரும் பேரும் வேண்டாம், முதலாளி ஹாஜியார் நல்ல மனிதர். சீனிப் பாகை 60 பிரிக்ஸில் காய்ச்சி, தாங்கியில் இறக்கி, அங்கிருந்து பம்பால் இழுத்துத் தண்ணீரோடு கலப்பார்கள். 60 பிரிக்ஸ் என்றால் நூறு கிலோ பாகில் அறுபது கிலோ சீனி. 20 பாகையில் அதன் அடர்த்தி கன மீற்றருக்கு ஏறத்தாழ 1287 கிலோ. 65 பிரிக்ஸுக்கு 1316. அதாவது அந்தப் பகுதியில் ஒரு பிரிக்ஸுக்கு ஆறு கிலோ வித்தியாசம். இந்த ஆறை ஞாபகம் வைத்திருங்கள்.

பம்பைத் தாண்டிய குழாயில் கவை இருந்தது. காலையில் மீற்றரும் ஆய்வுகூடமும் ஒத்துப்போகும். மத்தியானம் தாண்டினால் மீற்றர் இறங்கத் தொடங்கும். 58, 57, சில நாள் 56. ஆய்வுகூடத்துத் தங்கச்சி மாதிரி எடுத்து நீரமானி போட்டால் 60 அசையாமல் நிற்கும். மீற்றரைப் பார்த்துத் தண்ணீர் வால்வு தானாகத் திறப்பதால், பாகு மெலிந்துவிட்டது என்று நினைத்து அது தண்ணீரைக் குறைத்துவிடும். பின்னேரப் போத்தல்கள் எல்லாம் தித்திப்பு. சீனி விற்கும் விலையில் அது எத்தனை மூட்டை நட்டம் என்று ஹாஜியார் விரல் விட்டு எண்ணிக் காட்டினார்.

"தம்பி, இவ்வளவு காசு குடுத்து வாங்கின சாமான் பொய் சொல்லுது, இந்தக் கண்ணாடிக் குச்சி உண்மை சொல்லுது. என்ன கத இது?"

மீற்றரை விற்ற கம்பனியிலிருந்து ஒருவர் வந்தார். கொழும்பிலிருந்து வாகனம், பாசிக்குடாவில் தங்குமிடம், எல்லாம் ஹாஜியார் கணக்கில். மடிக்கணினியைச் செருகி, திருத்தக் காரணி ஒன்றைக் கூட்டிவிட்டுப் போனார். பின்னேரம் சரியாகிவிட்டது. மறுநாள் காலையில் மீற்றர் 63 என்றது! கோளாறு மத்தியானம் மட்டும் வருகிறது என்றால் நிரந்தரமாக ஒரு எண்ணைக் கூட்டுவதில் என்ன பயன்? இதைக் கேட்க எனக்கு அன்று வாய் வரவில்லை, ஏனென்றால் வந்தவரிடம் அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது, என்னிடம் திருகாணிச் சாவிதான் இருந்தது.

அவர் போன பிறகு அந்தத் திருத்தத்தை எடுத்துவிட்டுக் கவையைக் கழற்றினேன். பாகு காய்ந்தால் கால்களில் கண்ணாடி போலப் படியும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊற வைத்துக் கழுவினேன் (கம்பித் தூரிகையைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள்). உலர வைத்து வெறும் காற்றில் ஆடவிட்டு, அலைவு நேரத்தைக் கருவியோடு வந்த சான்றிதழோடு ஒப்பிட்டேன். ஒத்துப்போனது. இந்தச் சோதனையை எல்லாரும் செய்யலாம், செலவே இல்லை. காலில் அழுக்குப் படிந்திருந்தால் அலைவு நேரம் கூடும், அடர்த்தியும் கூட்டிக் காட்டும். அரித்திருந்தால் எதிர்மாறு. என் கவைக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அப்போதுதான் அங்கே வேலை செய்த வயதான ஃபிட்டர், நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம், வந்து சொன்னார்: "மனே, பின்னேரத்தில பம்ப் சத்தம் வேற மாதிரிக் கேக்குது. சரசரங்குது."

ஆய்வுகூடத்துத் தங்கச்சியிடம், மாதிரியை மேசைக்குக் கொண்டுபோகாமல் பம்படியிலேயே கண்ணாடி உருளையில் பிடித்துத் தரும்படி கேட்டேன். பிடித்த உடனே பாகு பால் போல வெளிறியிருந்தது. உருளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஊசிமுனை ஊசிமுனையாகக் குமிழிகள். பாகின் பிசுக்குமையில் அவை அவசரப்படாமல் மேலே வந்தன. நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியிலிருந்து தெளிந்து, கடைசியில் தேன் நிறமாகிவிட்டது. அவர் வழக்கமாக மாதிரியை வைத்துவிட்டு வேறு வேலை பார்த்த பிறகுதான் நீரமானி போடுவார். அதற்குள் காற்று போய்விடும். ஆகவே அவர் அளந்தது சீனிப்பாகை மட்டும். கவை அளந்தது சீனிப்பாகையும் காற்றையும் சேர்த்து.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். நூறு லீற்றரில் இரண்டு லீற்றர் காற்று இருந்தால் 1287இலிருந்து ஏறத்தாழ 26 கிலோ குறையும். ஆறால் வகுத்தால் நான்கு பிரிக்ஸுக்கு மேல். எங்கள் வித்தியாசம் அதேதான்.

காற்று எங்கிருந்து? காலையில் தாங்கி நிறைந்திருக்கும், பாகின் பாரமே பம்பு வாயை அழுத்தி வைத்திருக்கும். மத்தியானம் மட்டம் இறங்க, பம்பு உறிஞ்சி இழுக்க வேண்டிவரும். தேய்ந்துபோன கிளாண்ட் பாக்கிங் (பம்பின் தண்டு வெளியே வரும் இடத்தை அடைக்கும் திரி) வழியாக வெளிக்காற்றை அது குடித்தது. காற்று புகாமல் அந்த இடத்துக்குத் தண்ணீர் விடும் முத்திரைக் குழாய் ஒன்று இருந்தது, பாகில் தண்ணீர் சேர்கிறது என்று யாரோ மூடிவிட்டிருந்தார்கள். மாமா ஒரு கோப்பைத் தண்ணீரை எடுத்துக் கிளாண்டின் மேல் மெதுவாக ஊற்றினார். நான் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 56.8, 57.5, 58.9... ஊற்றுவதை நிறுத்தினார், திரும்ப இறங்கியது. ஹாஜியாரைக் கூப்பிட்டு இன்னொரு முறை ஊற்றிக் காட்டினோம். பாக்கிங் மாற்றினோம், தாங்கி இந்த மட்டத்துக்குக் கீழே போகக்கூடாது என்று கோடு போட்டோம். கவையையும் இடம் மாற்றினோம். குழாயின் உச்சியில் பூட்டினால் அங்கே காற்று தங்கும். கிடைக் குழாயில் பக்கவாட்டில் பூட்ட வேண்டும், இரண்டு கால்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளி நிமிர்ந்து நிற்க வேண்டும். அப்படியென்றால் குமிழி மேலே போய்விடும், கசடு கீழே போய்விடும், இடையில் ஒன்றும் சிக்காது.

இந்தக் கேள்விக்கு நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அது உங்களுக்குச் சம்பந்தமில்லாதது. பிடிக்காவிட்டால் அடுத்த பந்தியைத் தாண்டிவிடுங்கள்.

என் அப்பா படுவான்கரையில் மாடு வைத்திருந்தார். கறந்த சூட்டோடு பாலைக் கொண்டுபோய்ச் சேகரிக்கும் இடத்தில் கொடுப்பார். பால்மானி தாழ்ந்து நிற்கும். "தண்ணி கலந்திருக்கு" என்று நாலு பேர் முன்னால் சொல்லுவார்கள். அப்பா பதில் பேசமாட்டார். கறந்த உடனே பாலில் காற்றும் நுரையும் இருக்கும், சூடும் இருக்கும். சூட்டைத் திருத்தாமல் வாசித்தால் பத்துப் பாகை கூடுதலுக்கு ஏறத்தாழ இரண்டு புள்ளி குறைத்துக் காட்டும். பத்து வீதம் தண்ணீர் கலந்தால் குறைவதே ஏறத்தாழ மூன்று புள்ளிதான். அதாவது ஒரு சொட்டுத் தண்ணீரும் கலக்காத பால், வெறும் சூட்டாலேயே மூன்றில் இரண்டு பங்கு கள்ளப் பால் ஆகிவிடும். பாலை ஆறவிட்டு, நுரை அடங்கிய பிறகு, வெப்பமானியும் வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பது பாடப் புத்தகத்தில் இருக்கிறது. வரிசையில் நிற்கும் மனிதனுக்கு அதை யார் சொன்னார்கள்? எல்லா இடத்திலும் அப்படி என்று சொல்லவில்லை, ஒழுங்காக அளப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கருவியைக் கையில் வைத்திருப்பவன் சொல்வதுதான் நீதி என்று ஆகிவிட்ட இடங்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரியும்.

ஆகவே நீரமானியை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நீரமானியும் நல்ல கருவிதான், என் பெட்டியில் இப்போதும் இருக்கிறது. அது தாங்கியில் தெளிந்து நிற்பதைச் சொல்லும், கவை குழாயில் ஓடிக்கொண்டிருப்பதைச் சொல்லும். உங்களுக்கு எது வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சீனிக் கணக்குக்கு என்றால் காற்றை நீக்கிய பிறகு அளப்பதுதான் கணக்கு. குழாயில் காற்று வருகிறதா என்று அறிய வேண்டுமென்றால் கவையைவிட நல்ல காவல்காரன் கிடையாது.

உங்கள் உணரி எப்போதுமே கூட்டிக் காட்டினால் கால்களில் படிவைப் பாருங்கள், குழாய்ச் சுவர் கிட்ட இருக்கிறதா என்றும் பாருங்கள். எப்போதுமே குறைத்துக் காட்டினால் அரிப்பு. நேரத்துக்கு நேரம் மாறினால் காற்று, அல்லது வெப்பநிலைத் திருத்தம் ஒரு பக்கம் போட்டு மறுபக்கம் போடாமல் விட்டது. சீசியம் 137 வைத்து அடர்த்தி அளக்கும் கதிர்வீச்சு மானி வாங்கலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால், அதற்கு அணுசக்தி ஒழுங்குறுத்துகைப் பேரவையின் உரிமம் எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

என்ன திரவம், எத்தனை பாகை, கவை குழாயின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, காலையிலும் பின்னேரமும் வித்தியாசம் ஒரே அளவா, வெறும் காற்றில் அலைவு நேரம் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்று கீழே எழுதுங்கள். இவை தெரியாமல் "மீற்றர் பழுதா?" என்று மட்டும் கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது, கொழும்பிலிருந்து வருபவருக்கும் தெரியாது.