துர்க்மெனிஸ்தான்: மணலுக்கு அடியில் வாயு, மேலே கால்வாய்

காஸ்பியன் கடற்கரை இருக்கும்போது துர்க்மெனிஸ்தானை ஏன் கடலில்லா நாடு என்கிறார்கள், சார்?

காஸ்பியன் பெயரில்தான் கடல். சுற்றிலும் நிலம் அடைத்த உப்பு ஏரி அது. அதன் நீர்மட்டம் உலகக் கடல் மட்டத்தைவிடச் சுமார் 28 மீட்டர் தாழ்ந்தது. அங்கிருந்து ஒரு கப்பல் பெருங்கடலைத் தொட, ரஷ்யாவின் வோல்கா ஆற்றையும் அதோடு சேரும் கால்வாய்களையும் கடந்துதான் போக வேண்டும்.

நாட்டின் பெரும்பகுதி காரகும் பாலைவனம் என்றால், ஆடு மேய்ப்பவர்கள் தண்ணீருக்கு என்ன செய்தார்கள்?

'தக்கீர்' என்ற களிமண் தரைகள் அங்கே உண்டு. காய்ந்தால் ஓடுபோல வெடிக்கும். மழை பெய்தால் நீரை உறிஞ்சாது. அப்படி வழிந்தோடும் நீரைக் குழிகளிலும் கிணறுகளிலும் சேர்த்துவைத்தார்கள். மணலைவிட இந்தக் களிமண்தான் அவர்களுக்குச் சோறு போட்டது என்பேன்.

இப்போது அங்கே பருத்தி விளைகிறதாமே?

காரகும் கால்வாயின் வேலை அது. 1954இல் சோவியத் ஆட்சியில் வெட்டத் தொடங்கினார்கள். நீளம் 1,375 கிலோமீட்டர். ஆமு தரியா ஆற்றில் நீரெடுத்து, மாரி நகரம், தலைநகர் அஷ்காபாத் என்று மேற்கே கொண்டுபோகிறது. ஆனால் பெரும்பாலும் மணலிலேயே வெட்டிய வாய்க்கால், கரைக்கும் தரைக்கும் காரைப்பூச்சு கிடையாது. போகிற வழியிலேயே ஏராளமான நீர் கசிந்துவிடுகிறது. கசிந்த நீர் நிலத்தடி மட்டத்தை உயர்த்த, அடியிலிருந்த உப்பும் மேலேறி வயல்களில் பூத்தது. அப்புறம், ஆற்று நீரைப் பாசனத்துக்கு இப்படி ஆளாளுக்குத் திருப்பியதில்தான், அந்த ஆறு போய்ச் சேர்ந்த ஏரல் கடல் வற்றியது. உஸ்பெகிஸ்தானின் பருத்திக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

எரிவாயு எவ்வளவு இருக்கிறது?

இருப்பில் உலகின் முன்வரிசை நாடு. தென்கிழக்கிலுள்ள கல்கினிஷ், உலகின் மிகப் பெரிய வாயு வயல்களில் ஒன்று. விற்பதுதான் பாடு: குழாய் எங்கே போனாலும் அண்டை நாட்டைத் தாண்டியாக வேண்டும். சீனாவுக்கு 2009இல் திறந்த குழாய் உஸ்பெகிஸ்தான், கசகஸ்தான் வழியாகப் போகிறது.

'நரகத்தின் வாசல்' பற்றிச் சொல்லுங்களேன்!

எதிர்பார்த்தேன். தர்வாசாவில் எரியும் வாயுப் பள்ளம். படமெடுக்க நல்ல இடம், அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது காரபோகஸ்கோல்.

அது என்ன, சார்?

காஸ்பியனை ஒட்டிய ஆழமில்லாத விரிகுடா. உள்ளே பாயும் நீர் வெயிலில் ஆவியாகி உப்பு படியும். கண்ணாடித் தொழிலுக்கு உதவும் சோடியம் சல்பேட் அங்கே கிடைக்கிறது. காஸ்பியன் வற்றுகிறதே என்று 1980இல் வாயிலை அணைபோட்டு அடைத்தார்கள். காஸ்பியனோ அதற்குமுன்பே ஏறத் தொடங்கியிருந்தது! சில ஆண்டுகளில் விரிகுடா காய்ந்து, உப்புத்தூசி காற்றில் பறந்தது. 1992இல் அணையை உடைத்தார்கள், நீர் திரும்பியது.